புகார் கொடுத்த மகளுக்கு வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

கூடப் படிக்கும் பெண்ணின் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணை வேண்டுமென்றே குறைத்துவிட்டார்கள் என்று மகள் துறைத்தலைவரிடம் புகார் கொடுத்திருக்கிறாள். இனி இவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள், மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவள் பேசியதில் தப்பில்லை. ஒருத்திக்கு நடக்கும் அநியாயத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டால், அடுத்து வரும் மாணவர்களுக்கும் அதுவேதான் நடக்கும்.

பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்லமாட்டேன். கருத்துச் சொல்லும் உரிமை 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில், 19-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. முதலாளி சட்டத்தை மீறுவதாகப் புகார் கொடுத்தது வேலையை விட்டு நீக்க நியாயமான காரணம் ஆகாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை (1982). ஆனால் பல நாடுகள் அதில் சேரவில்லை. அதனால் உரிமை இருக்கிறது என்ற தைரியம் மட்டும் போதாது, பேசும் விதமும் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய கடித நகலைப் படித்தேன். "அவர் எப்போதுமே ஆள் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்" என்ற வரியை அவள் எடுத்துவிடட்டும். அதை அவளால் நிரூபிக்க முடியாது. மதிப்பெண் போட்ட ஆசிரியர் ஆதாரம் எங்கே என்று திருப்பிக் கேட்டால் புகாரே அடிபட்டுப்போகும். அதே கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறாள்: இருவரும் சேர்ந்து ஒரே சோதனையைச் செய்தார்கள், அளவீடுகளும் ஒன்றே, இவளுக்கு 18, அவளுக்கு 9, குறைத்ததற்குக் காரணம் எதுவும் எழுதப்படவில்லை. இதுதான் முதல் வரியாக வர வேண்டும். தேதி போட்டு, இரண்டு பதிவேடுகளின் நகலையும் இணைத்துக் கொடுக்கட்டும்.

இன்னொன்று, அந்தத் தோழியிடம் கேட்டுவிட்டுத்தான் புகார் கொடுத்தாளா? பின்விளைவு முதலில் அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும். அவள் வேண்டாம் என்றால் அவள் பெயரை இழுக்கக் கூடாது.

சிபாரிசுக் கடிதத்துக்கு, உங்கள் மகளின் வேலையை நேரில் பார்த்த வேறு ஆசிரியர் ஒருவரை இப்போதே அணுகலாம். நேர்காணலில் இந்தப் பேச்சு வந்தால் மறைக்க வேண்டாம்: என்ன கவனித்தேன், யாரிடம் சொன்னேன், என்ன முடிவு வந்தது என்று நாலே வரியில் சொல்லட்டும். இதற்காகவே ஒதுக்கும் நிறுவனங்களும் இருக்கும். அங்கே சேர்ந்தால் அவளால் நிம்மதியாக வேலை பார்க்க முடியாது.

அப்புறம், வேதியியலை விட்டுவிட்டுச் சட்டம் படிக்கப் போகிறேன் என்கிறாளாமே. இந்தக் கோபத்தில் அந்த முடிவை எடுக்க வேண்டாம். மருந்துத் தரக்கட்டுப்பாடு, ஆய்வகப் பாதுகாப்பு போன்ற வேலைகளுக்கு இவளைப் போன்றவர்கள்தான் வேண்டும். கருவிலிருக்கும் குழந்தைகளின் உறுப்புகளைப் பாதிக்கும் என்று பிறகு தெரியவந்த தாலிடோமைடு மருந்துக்கு, 1960-ல் அமெரிக்காவில் அனுமதி கேட்டு நிறுவனம் நெருக்கியபோது, ஆதாரம் போதாது என்று கடைசிவரை மறுத்தவர் பிரான்சிஸ் கெல்சி. மருந்தியல் படித்த அதிகாரி அவர். பட்டத்தை முடிக்கட்டும், விடுமுறையில் ஒரு சட்ட உதவி மையத்தில் சில வாரம் வேலை பார்க்கட்டும். அதற்குப் பிறகும் சட்டம்தான் என்றால், தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.