25 வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தபின் விவாகரத்து: என் பணத்தை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

கேள்வி கேட்டவர் ஆணா பெண்ணா என்று போடவில்லை. எந்த நாடு என்றும் சொல்லவில்லை. "வரவு செலவெல்லாம் அவர்தான் பார்ப்பார், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. அதை வைத்து, நீங்கள் என் வயதை ஒட்டிய பெண் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆணாக இருந்தால் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். பணத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். 22 வருடமாக ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்டையும் எங்கள் லெட்ஜரையும் ஒப்பிடும்போது ஒரு சில்லறைத் தொகை உதைத்தால்கூட, ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார்ந்து தேடுவேன். வீட்டில்? என் சம்பளம் மாதா மாதம் ஜாயின்ட் அக்கவுண்டுக்குப் போகும். அதற்குப் பிறகு எங்கே போனது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "ஆபீஸ்ல நாள் முழுக்க நம்பரோட மல்லாடுறே, வீட்லயாவது நிம்மதியா இரேன்" என்பார் கணவர். அதை அக்கறை என்று நினைத்தேன். அக்கறையாகவும் இருந்திருக்கலாம். 26 வருடத்தையும் பின்னோக்கிப் போய் வில்லத்தனமாக மாற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை.

பிரிவது என்று மனசுக்குள் முடிவான பிறகு நான் செய்த முதல் காரியம், நெட் பேங்கிங்கில் நுழையப் பார்த்தது. ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது திரை. என் போன் சும்மா கிடந்தது. பக்கத்து அறையில் அவர் போன் கிணுங்கியது. "என்ன பண்றே நீ?" என்று எழுந்து வந்தார். கணக்கில் எப்போதோ அவர் எண்ணைக் கொடுத்திருந்தோம், அதை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. "ஆபீஸ்ல ஸ்டேட்மென்ட் கேட்டாங்க" என்று உளறிச் சமாளித்தேன். அவர் ஓடிபியைச் சொன்னார், நான் உள்ளே போனேன். என் சொந்தச் சம்பளத்தைப் பார்க்க.

அதனால் வக்கீலைத் தேடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்: உங்கள் பெயரில் இருக்கும் எந்தெந்தக் கணக்குக்கு யாருடைய போன் எண், யாருடைய மின்னஞ்சல் இணைந்திருக்கிறது? புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள், வீட்டில் யாருக்கும் தெரிந்த பாஸ்வேர்டாக இல்லாமல். வேறொரு வங்கியில் உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு. சம்பளமோ வாடகையோ, உங்களுக்கு வரும் காசு இனி அங்கே வரட்டும். இதற்குப் பெயர் ஒளித்துவைப்பது இல்லை. கேட்கும்போது அந்தக் கணக்கையும் காட்டத்தான் போகிறீர்கள்.

அடுத்தது காகிதங்கள். மூன்று சனி ஞாயிறு எனக்கு இதற்கே போனது. மூன்று வருட ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, இன்சூரன்ஸ் பாலிசிகள், வீட்டுப் பத்திரம், கடன் ஒப்பந்தம், அவருடைய சம்பளச் சீட்டு வீட்டில் பொதுவாக இருந்தவரையில். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து என் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். அவருடைய மெயிலைத் திறந்து பார்க்கவில்லை. என் வக்கீல் முதல் நாளே கண்டித்துச் சொல்லியிருந்தார்: பூட்டை உடைத்து எடுத்த ஆதாரம் சில சமயம் எடுத்தவர் கழுத்தையே பிடிக்கும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கடன் கண்ணில் பட்டது. வீட்டின்மேல் இரண்டாவதாக வாங்கிய கடன், பழைய கடனில் பாக்கி இருந்ததைவிடப் பெரியது. அவருடைய நண்பரின் தொழிலில் போட்டிருக்கிறார். கடன்தாரர் இரண்டு பேர், இரண்டாவது நான். கையெழுத்து என்னுடையது. போலிக் கையெழுத்தாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் தெரியுமா! சண்டை போட ஒரு இடம் கிடைத்திருக்கும். அந்தக் காலைகூட ஞாபகம் வந்தது. ஆபீஸுக்குக் கிளம்பி வாசலில் ஒரு கால் செருப்பை மாட்டியாகிவிட்டது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களைக் காட்டி, "வட்டி குறையுது, பேப்பர் மாத்துறாங்க" என்றார். நின்றபடியே ஒன்பது இடத்தில் போட்டேன். ஆபீஸில் யாராவது வவுச்சரை இப்படி நீட்டினால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன்.

ஜாயின்ட் அக்கவுண்ட் விஷயத்துக்கு வருகிறேன், எல்லோரும் அடித்துக்கொள்வது இதில்தான். அண்ணன் சொன்னான், "நாளைக்கே போய் மொத்தத்தையும் எடுத்துடு. நீ எடுக்கலைன்னா அவன் எடுப்பான்." நான் எடுக்கவில்லை. அன்றைய தேதிக்கு ஸ்டேட்மென்ட் எடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன். இனி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று மாற்றச் சொல்லி வங்கிக்குக் கடிதம் கொடுத்தேன். அதற்கு அவர் சம்மதமும் வேண்டும் என்றார்கள். நான்கு நாளில் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு காணோம். அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "ஏமாளி" என்று அண்ணியிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது.

ஆனால் பேச்சுவார்த்தை மேஜையில் அந்த ஸ்டேட்மென்ட்தான் பேசியது. எடுத்த தொகை அப்படியே அவர் பங்கில் ஏற்கெனவே வாங்கியதாக எழுதப்பட்டது. நான் துடைத்து எடுத்திருந்தால் அதே பேனா என் பக்கம் எழுதியிருக்கும், கூடவே "பணத்தை மறைக்கிறாள்" என்ற பேச்சும் சேர்ந்திருக்கும். எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சத்தியம் பண்ணமாட்டேன். மாதச் செலவுக்கே வழியில்லாதவர், வக்கீலைக் கேட்டுக்கொண்டு, பாதியை எடுத்து எழுத்தில் வைப்பது வேறு விஷயம். அதை நான் தப்பென்று சொல்லவரவில்லை.

"குடும்பத்தை உடைக்கப் பாடம் எடுக்கிறாள்" என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்டவர் முடிவெடுத்துவிட்டுத்தான் கேட்கிறார். மூழ்கும் படகிலிருந்து இறங்குபவரிடம் படகின் பெருமையைப் பேசிப் பயனில்லை. மேலும், இதில் நான் சொன்ன பாதி விஷயம், விவாகரத்தே இல்லாமல் சந்தோஷமாகக் குடும்பம் நடத்துகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது.

இப்போது நான் அடி வாங்கிய இடம். வீடு. எனக்கு அதை விட மனசில்லை. கதவுப் பக்கச் சுவரில் மகளின் உயரத்தை வருடா வருடம் கோடு போட்டு வைத்திருந்தோம். அவளே சொன்னாள், "அம்மா, சுவரை போட்டோ எடுத்துக்கோம்மா, தவணையை ஏன் எடுத்துக்குறே?" சரி என்று வீடு அவருக்கு, கடனும் அவருக்கு, எனக்குச் சேமிப்பில் ஒரு பங்கு என்று ஒப்பந்தம் போட்டோம். நீதிமன்றமும் பதிவு செய்தது. நிம்மதியாகத் தூங்கினேன், ஏழு மாதம்.

எட்டாவது மாதம் கடன் கொடுத்த இடத்திலிருந்து போன். நான்கு தவணை பாக்கியாம். "அது அவர் கட்டவேண்டியது, தீர்ப்பிலேயே இருக்கு" என்றேன். எதிர்முனையில் ஒரு சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான், "மேடம், அந்தத் தீர்ப்பு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. எங்க அக்ரிமென்ட்ல நீங்க இருக்கீங்க." அவன் சொன்னது சரி. கடன் கொடுத்தவர் அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை. கணவன் மனைவி தங்களுக்குள் எப்படிப் பிரித்துக்கொண்டாலும் அது அவரைக் கட்டுப்படுத்தாது, இருவரில் யாரிடமும் முழுத்தொகையையும் கேட்கலாம். இது எந்த நாட்டிலும் பெரும்பாலும் இப்படித்தான். 22 வருடம் கணக்கு எழுதியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வக்கீலும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான்கு தவணையையும் நான் கட்டினேன். அதற்குள் என் கிரெடிட் ஸ்கோர் சரிந்துவிட்டது. மறுபடியும் வழக்குப் போட்டு அவரிடம் வசூலிக்கலாம் என்றார்கள். போடவில்லை, அலுத்துவிட்டது.

ஆகவே ஒப்பந்தத்தில் "கடனை அவர் கட்டுவார்" என்ற வாக்கியத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கடன் அவர் ஒருவர் பெயருக்கு மாறி, உங்களை விடுவித்ததாகக் கடன் கொடுத்தவரிடமிருந்து கடிதம் வர வேண்டும். அவர் வருமானம் போதாது என்று அப்படி மாற்றித் தர மறுத்தால், வீட்டை விற்றுக் கடனை அடைத்து மிச்சத்தைப் பிரியுங்கள். ஒரு தேதி போட்டு, அதற்குள் மாற்றாவிட்டால் விற்பனை என்றாவது எழுதுங்கள். நீங்கள் ஜாமீன் நின்ற கடன், அவருக்குக் கொடுத்த கூடுதல் கிரெடிட் கார்டு, எல்லாவற்றுக்கும் இதே கதை. உங்கள் கிரெடிட் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், மறந்துபோன கடன்களில் பெரும்பாலானவை அதில் எட்டிப்பார்க்கும்.

யாருக்கு எவ்வளவு என்பது நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் திருமணக் காலத்தில் சம்பாதித்தது பொதுவாக இருவருக்கும் சமமாகச் சொந்தம். இங்கிலாந்தில் 2000இல் வொயிட் எதிர் வொயிட் வழக்கில், சம்பாதித்தவர், வீட்டைப் பார்த்துக்கொண்டவர் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. இந்தியாவில், கோவாவைத் தவிர, பாதிக்குப் பாதி என்று சட்டம் கிடையாது. அவர் பெயரில் இருக்கும் வீடு அவருடையதுதான், நீங்கள் கேட்பது ஜீவனாம்சம். ஆனால் 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த மூன்று சனி ஞாயிறின் அருமை அங்கே தெரியும்: அவர் எழுதியதில் எது விடுபட்டது என்று உங்களால் காட்ட முடியும்.

நீண்ட காலத் திருமணத்தில் வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்து ஓய்வூதியம், சேமநிதி வகையறா. கண்ணுக்குத் தெரியாததால் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் திருமணம் 10 வருடம் நீடித்திருந்தால், சில நிபந்தனைகளோடு, முன்னாள் துணைவரின் கணக்கை வைத்தே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் கோரலாம். கனடாவில் அரசு ஓய்வூதியத்துக்குச் சேர்ந்த வரவுகளைப் பிரித்துத் தரும் ஏற்பாடு உண்டு. இன்னொன்று: கையில் இருக்கும் ரொக்கமும், பத்து வருடம் கழித்து வரி பிடித்து வரப்போகும் அதே தொகையும் ஒன்றல்ல. சம பங்கு என்று யாராவது நீட்டினால் வரிக்குப் பிந்தைய கணக்கைப் போடச் சொல்லுங்கள். அவர் வேலை மூலம் வரும் மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் இருந்தால், அது எந்தத் தேதியில் முடிகிறது என்றும் கேளுங்கள்.

நாமினியை நான் மாற்றியது பதினான்கு மாதம் கழித்து. அவ்வளவு நாளும் நான் போயிருந்தால் என் இன்சூரன்ஸ் பணம் அவரிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கும். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் விவாகரத்தாகி இரண்டே மாதத்தில் இறந்துபோனார். வேலை வழியாக வந்த காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் முன்னாள் மனைவி பெயரே இருந்தது. எகல்ஹாஃப் வழக்கு என்பார்கள். 2001இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் முன்னாள் மனைவிக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. சிங்கப்பூரில் மத்திய சேமநிதியில் செய்த நாமினி நியமனம் திருமணம் செய்தால் ரத்தாகும், விவாகரத்தானால் ரத்தாகாது. உயில் எழுதியிருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விவாகரத்தான செய்தி ஆபீஸில் பரவியதிலிருந்து வருடக் கடைசிக் கணக்கு, விடுமுறை நாள் ஆடிட் எல்லாம் என் தலையில். "உங்களுக்கு என்ன மேடம், வீட்ல யாரு காத்திருக்காங்க?" என்று என்னைவிட 20 வயது சின்னவர்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். எனக்காக நான் காத்திருக்கிறேன் தம்பி. ஒரு நாளாவது ஆறு மணிக்குக் கிளம்பி, போய்ச் சும்மா படுத்துக்கிடக்கவேண்டும் என்று இருக்காதா? கூடுதல் நேரத்துக்குக் காசும் கிடையாது.

கடைசியாக, அவரிடம் முன்கூட்டியே சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடி, மிரட்டல் இருக்கும் வீடென்றால் பாதுகாப்பான இடம் கிடைக்கும்வரை வாயே திறக்காதீர்கள். என் வீட்டில் அந்தப் பயம் இல்லை. காகிதங்களெல்லாம் சேர்ந்து, புதுக் கணக்கில் முதல் சம்பளம் விழுந்த பிறகு, ஒரு மாலை உட்காரவைத்துச் சொன்னேன். என்ன தவறு செய்தேன் என்பார், யோசித்துப் பார் என்பார் என்றெல்லாம் நினைத்து அதற்குப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "அப்போ லோன் யார் கட்டுறது?" என்றார். அதற்கு மட்டும் நான் எதுவும் தயாரித்திருக்கவில்லை.