பக்கவாதத்தில் விழுந்த கையின் வேலையை மூளையின் வேறு பகுதி தானாக எடுத்துக்கொள்ளுமா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நான்கு மாதம். நடக்கிறார். வலது மணிக்கட்டு நிமிர்கிறது, விரல்கள் லேசாக விரிகின்றன. ஆனாலும் எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்கிறார். "மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுகிறது, மீதி தானாக வேலையை எடுத்துக்கொள்ளும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வது சரியா, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் அந்தப் பத்து சதவீதக் கதையை விட்டுவிடுங்கள். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, சும்மா இருக்கும்போதே உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எரிக்கிறது. வேலையில்லாமல் காத்திருக்கும் இடம் அங்கே இல்லை. வேலை கைமாறுவது உண்மை. "தானாக" என்பதுதான் பொய்.

கை உட்பட உடலை அசைக்கும் பகுதி, மூளையில் காதுக்கு மேலிருந்து உச்சி வரை செல்லும் ஒரு பட்டை. 1930களில் மான்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சி இதன் வரைபடத்தைத் தயாரித்தார். விரல்களுக்கும் முகத்துக்கும் அதில் ஏராளமான இடம். முதுகு, வயிற்றுக்குக் கொஞ்சம்தான். அங்கிருந்து இறங்கும் நரம்பிழைகள் 'இன்டெர்னல் காப்சூல்' என்ற குறுகிய கணவாயில் நெருக்கியடித்துச் சென்று, மூளையின் அடியில் உள்ள முகுளத்தில் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் கடக்கின்றன. அந்தக் கணவாயில் கொண்டைக்கடலை அளவு சேதம் கை, கால் இரண்டையும் வீழ்த்திவிடும். நெற்றிப்பக்கம் அதே அளவு சேதம் வெளியே தெரியாமலும் போகலாம். எனவே எம்ஆர்ஐ அறிக்கையில் அளவைவிட இடத்தைக் கேளுங்கள்.

சேதமான இடத்தின் வேலையைப் பெரும்பாலும் ஏற்பது அதை ஒட்டியிருக்கும் அண்டை வீடு. எதிர்ப்பக்க மூளையிலிருந்து குறுக்கே கடக்காமல் வரும் இழைகள் சில உண்டு. அவை தோளைத் தூக்க உதவுமே தவிர, விரல்களைத் தனித்தனியாக அசைக்கப் போதாது. வலிப்புக்காகச் சிறு வயதிலேயே ஒரு பக்க மூளை அகற்றப்பட்ட குழந்தைகள் பேசுகிறார்கள், நடக்கிறார்கள். எதிர்க்கையின் நுண்ணிய விரல் வேலை மட்டும் திரும்புவதில்லை.

1996இல் நரம்பியல் ஆய்வாளர் ராண்டால்ஃப் நூடோவின் குழு, குரங்குகளின் மூளையில் கைக்கான பகுதியில் சிறு சேதம் உண்டாக்கிப் பார்த்தது. பயிற்சி தராதபோது, சேதத்தை ஒட்டி நன்றாக இருந்த கைப் பகுதியும் சுருங்கியது. சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்கை எடுக்கும் பயிற்சி தந்தபோது அந்தப் பகுதி தப்பியது. சில குரங்குகளில் முழங்கை, தோளுக்கான இடத்துக்கும் பரவியது. உபயோகிக்காத கைக்கு இருக்கிற இடமும் பறிபோகிறது என்று அர்த்தம்.

உங்கள் அப்பாவின் சிக்கலுக்கு உளவியலாளர் எட்வர்டு டாப் வைத்த பெயர் 'கற்றுக்கொண்ட பயனின்மை'. ஆரம்ப வாரங்களில் வலது கையை நீட்டித் தோற்று, இடது கையால் வென்று, மூளை அதையே பழகிவிடுகிறது. பின்னால் வலது கைக்குத் தெம்பு வந்தாலும் கூப்பிடுவதில்லை. இதற்கு அவர் கண்ட வழி, நல்ல கையைக் கட்டிப்போடுவது. 2006இல் வெளியான எக்ஸைட் ஆய்வில், ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேரில் ஒரு பிரிவினர், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் உறை மாட்டி, இரண்டு வாரம் தினமும் பல மணி நேரம் பழகினார்கள். ஓராண்டு கழித்தும் பலன் நிலைத்தது.

வீட்டில் அவ்வளவு முடியாது. இளகிய முறை ஒன்று உண்டு: வாரம் ஐந்து நாள், நாளுக்கு 5 மணி நேரம் உறை, வாரம் மூன்று முறை அரை மணி நேரம் பிசியோதெரபிஸ்டுடன் பயிற்சி, 10 வாரம். தகுதி: மணிக்கட்டு 20 டிகிரி, விரல்கள் 10 டிகிரியாவது தாமாக நிமிர வேண்டும். தடித்த சமையலறைக் கையுறை போதும். நடக்கும்போதும், குளிக்கும்போதும், அடுப்பருகிலும் கழற்றிவிடுங்கள். தடுமாறினால் பிடிக்க நல்ல கை வேண்டும்.

எண்ணிக்கைதான் பலர் கோட்டை விடும் இடம். அமெரிக்க, கனடிய மையங்களில் கவனித்தபோது ஓர் அமர்வில் கை வேலை அசைவுகள் சராசரி 32தான். விலங்குகளில் மூளையை மாற்றிய பயிற்சி நூற்றுக்கணக்கில். நோட்டுப் போட்டு எண்ணுங்கள்: காலி டம்ளரை எடுத்து வைப்பது 50, துணி கிளிப்பை மாட்டிக் கழற்றுவது 30, கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போடுவது 50. பத்தில் எட்டு முறை சரியாக வந்தால் சற்றுக் கடினமாக்குங்கள்: டம்ளரில் தண்ணீர், கடலைக்குப் பதில் பயறு. சோறு பிசைந்து கவளம் பிடிப்பதைவிட நல்ல விரல் பயிற்சி இல்லை. ஸ்பூனால் ஊட்டிவிடும் அன்பைக் கொஞ்சம் அடக்குங்கள்.

கெடுப்பவை சில. ஸ்பான்ஞ் பந்தை நாள் முழுக்க அமுக்கச் சொல்வார்கள். மடக்குவதற்கு ஏற்கெனவே இறுக்கம் இருக்கிறது, வராதது விரிப்பதுதான். கையை நீட்டும்போது உடம்பையே முன்னால் சாய்ப்பார். மார்பைத் துண்டால் நாற்காலியோடு தளர்வாகக் கட்டிவிட்டால் முழங்கை வேலை செய்யும். தலைக்கு மேல் கப்பியில் கயிறு இழுப்பது தளர்ந்த தோளுக்கு ஆகாது, வலி வரும். எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. புறா ரத்தம் தேய்ப்பதில் வீணாவது நாட்கள்தான்.

இதைப் படித்துவிட்டு ஸ்ட்ரோக் வந்த முதல் இரண்டு வாரத்திலேயே யாரும் முரட்டுத்தனமாகத் தொடங்க வேண்டாம். 2009இல் வெளியான வெக்டர்ஸ் ஆய்வில், ஆரம்பத்திலேயே இந்தப் பயிற்சியை அதிகம் செய்தவர்கள் மூன்று மாத முடிவில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். விரல் துளியும் விரியாதவர்களுக்கோ உறை மாட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். அவர்கள் நல்ல கையின் அசைவைக் கண்ணாடியில் பார்த்துப் பழகும் கண்ணாடிப் பயிற்சியிலோ, விரலை விரிக்கும் தசைக்கு மின்தூண்டலிலோ தொடங்கலாம்.