ஹாங்காங்கின் உயர்ந்த கட்டடங்களுக்கும் அங்கே வந்த கொள்ளைநோய்களுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அதைக் கண்ணாடிச் சுவரில் தேடினால் கிடைக்காது. கழிவறைத் தரையில் தண்ணீர் இறங்கும் ஓட்டையில் தேட வேண்டும்.

சென்ட்ரல் பகுதியில் 412 மீட்டர் உயர ஐ.எஃப்.சி. கோபுரமும், வட்டச் சன்னல்கள் வைத்த 52 மாடி ஜார்டின் ஹவுஸும் கடலைத் தூர்த்த நிலத்தில் நிற்கின்றன. அங்கிருந்து மேற்கே மேடேறி நடந்தால் டாய் பிங் ஷான் வரும். 1894-ல் பிளேக் மிகக் கடுமையாகத் தாக்கிய இடம் அது. வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன, பின்பக்கம் சன்னலே கிடையாது. ஓர் அறையைப் பலகையால் தடுத்துத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். இது ஆபத்து என்று பொறியாளர் ஆஸ்பர்ட் சாட்விக் 1882-லேயே அரசுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டுச் சொந்தக்காரர்களின் எதிர்ப்பால் காரியம் நகரவில்லை. 1894-ல் மட்டும் 2,500 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த வீடுகளை அரசு கையகப்படுத்தி இடித்தது. இன்று பிளேக் தோட்டம் என்ற பூங்கா இருப்பது அந்த நிலத்தில்தான். (ஆளுநர் ஹென்றி பிளேக்கின் பெயர் அது, நோயின் பெயர் அல்ல.) 1903-ல் வந்த சட்டம் வீட்டின் பின்புறம் திறந்த இடம் விடுவதைக் கட்டாயமாக்கியது.

வெளிச்சமும் காற்றும் இப்படித்தான் கட்டட விதிக்குள் வந்தன. பிற்காலத்தில் எழுந்த அடுக்குமாடிகளில் குளியலறைக்கும் சமையலறைக்கும் சன்னல் வைப்பதற்காக, வீடுகளுக்கு இடையே அடிமுதல் முடிவரை ஒரு குறுகிய இடுக்கு விட்டார்கள். 2003-ல் சார்ஸ் என்ற கடும் மூச்சுத்தொற்று நோய் ஒரு குடியிருப்பில் பரவியது அப்படி ஓர் இடுக்கின் வழியாகத்தான். கவுலூனில் உள்ள அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் நோய் தொற்றியது. 42 பேர் இறந்தார்கள். நோய் தொற்றியவர்களில் ஏறக்குறையப் பத்தில் நாலு பேர் 'இ' பிளாக்கில் இருந்தவர்கள்.

நடந்தது இதுதான். தரை ஓட்டைக்குக் கீழே 'யூ' வடிவில் வளைந்த ஒரு குழாய் இருக்கும். நம்மூர் பிளம்பர்கள் நஹானி டிராப் என்று சொல்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது. வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும், சாக்கடைக் காற்றை மறிப்பது அந்தத் தண்ணீர்தான். குளியலறையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் துடைத்தே பழகிய வீடுகளில் அது வற்றிப்போயிருந்தது. கதவை மூடிக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், வெளியேறும் காற்றுக்கு ஈடாக வேறெங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். வற்றிய ஓட்டை வழியே, கிருமி கலந்த நுண்துளிகளோடு அது வந்தது. ஃபேன் அதை இடுக்கிற்குள் தள்ள, மேலே எழும்பி மற்றச் சன்னல்களுக்குள் நுழைந்தது.

குடியிருப்பில் நடந்ததை ஏன் அலுவலகக் கோபுரத்தோடு சேர்க்கிறேன் என்றால், அங்கே சன்னல் திறக்காது, கழிவறை ஃபேன் வேலை நேரம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். டிராப் வற்றினால் உறிஞ்சல் இன்னும் அதிகம். உயரமும் ஒரு காரணம். மேல்மாடியிலிருந்து தண்ணீர் விழும்போது குழாயில் தனக்கு முன்னே இருக்கும் காற்றை நெட்டித் தள்ளும், பின்னே இருப்பதை இழுக்கும். இழுக்கும்போது நடுமாடி டிராப்பில் உள்ள தண்ணீர் போய்விடும். தள்ளும்போது அடிமாடிகளில் கொப்பளித்து மேலே வரும். இந்த அழுத்தத்தைச் சமன் செய்யத்தான் மொட்டைமாடி வரை போகும் வென்ட் பைப். அதைத் தடையாக நினைத்து வெட்டிவிட்டுக் கழிவறையை மாற்றிக் கட்டுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 2020 பிப்ரவரியில், கொரோனா பரவத் தொடங்கியபோது, சிங் யீ தீவின் ஹோங் மெய் ஹவுஸில், மாற்றிக் கட்டிய ஒரு கழிவறையில் வென்ட் பைப் மூடப்படாமல் திறந்து கிடந்தது தெரியவந்து, அந்த வரிசை வீட்டுக்காரர்களை இரவோடிரவாக வெளியேற்றினார்கள்.

ஹாங்காங் சுகாதாரத் துறை சொல்லும் மருந்து எளிது: ஒவ்வொரு தரை ஓட்டையிலும் வாரம் ஒருமுறை அரை லிட்டர் தண்ணீர். அலுவலகத்தில் யாரும் போகாத பேன்ட்ரி, மாற்றுத்திறனாளிகள் கழிவறை, ஏ.சி. இயந்திர அறை ஆகியவற்றின் ஓட்டைகளைத்தான் மறந்துபோவார்கள். பராமரிப்புப் பட்டியலில் அவற்றை முதலில் எழுத வேண்டும். சல்லடையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் பளபளத்தால் சரி. நீண்ட விடுமுறை என்றால் தண்ணீர் ஊற்றியபின் மேலே ஒரு கரண்டி எண்ணெய் விடலாம், ஆவியாவது குறையும். ஊற்றிய மறுநாளே மீண்டும் வற்றினால் அது ஆவியானதால் அல்ல: டிராப் விரிசல் விட்டிருக்கும், அல்லது வென்ட் அடைத்திருக்கும். புதிதாகக் கட்டுபவர்கள் கை கழுவும் தொட்டியின் தண்ணீரைத் தரை டிராப்புக்கே வரும்படி குழாய் போட்டுவிடலாம். 2003-க்குப் பிறகு ஹாங்காங்கின் பொதுக் குடியிருப்புகளில் இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். கை கழுவும்போதெல்லாம் டிராப் தானே நிரம்பிக்கொள்ளும்.