டிஎஸ்எல்ஆரை விட்டு மிரர்லெஸ்ஸுக்கு மாறலாமா? எடை மட்டும்தான் காரணம் என்றால் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: எட்டு வருடமாக டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிறேன். எடை தாங்கவில்லை. வெளியே எடுத்துப் போவதே குறைந்துவிட்டது. சின்ன மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினால் பயன் உண்டா? மாறியவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.

"உண்மையைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். மாறியவர்களில் பெரும்பாலோர் புதுக் கேமராவின் எடையை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். (புதியவர்களுக்கு: டிஎஸ்எல்ஆருக்குள் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைக் கண்ணுக்கு அனுப்ப ஒரு கண்ணாடி இருக்கும், படம் எடுக்கும்போது அது மேலே ஏறி இறங்கும். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி இல்லை.)

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. ஞாயிறு விடிகாலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகலாம் என்று முந்தின இரவே பேட்டரியை சார்ஜ் போட்டு வைத்திருப்பீர்கள். காலையில் பையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, போனிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று கிளம்பியிருப்பீர்கள். எனக்கு அப்படி இரண்டு வருடம் போனது.

என் பழைய பையில் இருந்தவை: நிக்கான் டி750, பேட்டரியும் கார்டும் சேர்த்து 840 கிராம். 24-70 எஃப்/2.8 ஜி லென்ஸ் 900 கிராம் (24-70 என்பது மி.மீ., எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்; எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் வரும், லென்ஸும் கனக்கும்). 70-200 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பு 1540 கிராம். 85 எஃப்/1.8 டி 380 கிராம். மொத்தம் 3660 கிராம். பையின் எடை, தண்ணீர் பாட்டில், குடை தனி. மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே இதை ஒரு தோளில் சுமந்தவள் நான். வங்கி வேலை முடிந்து நேரே சபாவுக்குப் போவேன் என்பதால் அலுவலகப் பையும் கூட இருக்கும்.

இப்போது இருப்பவை: நிக்கான் இசட்6, பேட்டரியும் கார்டும் சேர்த்து 675 கிராம். 24-70 எஃப்/4 லென்ஸ் 500 கிராம். அதே பழைய 85, 380 கிராம். பழைய லென்ஸைப் புது பாடியில் (லென்ஸ் இல்லாத கேமராவில்) மாட்டுவதற்கான எஃப்டிஇசட் அடாப்டர் 135 கிராம். மொத்தம் 1690.

பாதிக்கும் கீழே போய்விட்டதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். குறைந்தது 1970 கிராம். அதில் 1540 கிராம் நான் 70-200ஐ விட்டுவிட்டதால் குறைந்தது. 400 கிராம் எஃப்/2.8 லென்ஸை எஃப்/4 ஆக்கியதால் குறைந்தது. டிஎஸ்எல்ஆர் மிரர்லெஸ் ஆனதால் குறைந்தது 165, அதில் அடாப்டர் 135ஐத் திரும்ப எடுத்துக்கொண்டது. மிச்சம் 30 கிராம்!

இதைச் சொன்னால் ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். "நீங்கள் ஃபுல் ஃப்ரேம் எடுத்தீர்கள், அதனால்தான்" என்பார்கள். சரி, நியாயம். ஃபுல் ஃப்ரேம் என்றால் பெரிய சென்சார். ஃபியூஜி எக்ஸ்-டி3 பேட்டரி, கார்டோடு 539 கிராம்தான், அதன் 35 எஃப்/2 லென்ஸ் 170 கிராம்தான். சென்சார் சிறியதானால் லென்ஸும் சிறியதாகும். நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் பெரிய டெலி லென்ஸ் என்றால் பாடியை மாற்றுவதில் பெரிய லாபம் கிடையாது. பறவைகளை எடுக்கப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 200-500 தூக்கிப் போகும் நண்பர்களைக் கேளுங்கள். அந்த லென்ஸ் மட்டுமே 2300 கிராம். பின்னால் எந்த பாடி மாட்டினாலும் கை வலிக்கத்தான் செய்யும். கண்ணாடியும் அதற்கு மேலே இருந்த பட்டகமும் போனதால் பாடி மெலிந்தது. டெலி லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகள் எங்கும் போகவில்லை.

அப்படியானால் நான் ஏன் மாறினேன், மாறியதில் ஏன் வருத்தமே இல்லை?

சத்தம்தான் காரணம்.

நான் மார்கழிக் கச்சேரிகளைப் படம் எடுப்பவள். தொழிலாக இல்லை. கலைஞர்களிடம் முன்பே அனுமதி வாங்கி, ஃப்ளாஷ் இல்லாமல், ஓர ஓரமாக உட்கார்ந்து எடுப்பேன். 2018 டிசம்பரில் ஒரு மாலை, பெயர் வேண்டாம், ஒரு சபா. பாடகி சஹானா ராக ஆலாபனையைத் தொடங்கியிருந்தார். மந்திர ஸ்தாயியில் கீழே போய், ஒரு ஸ்வரத்தில் நின்று, மூச்சை அடக்கிக் காத்திருந்தார். கூடத்தில் தம்புரா மட்டும்தான் கேட்டது. கண் மூடி, தலை லேசாகச் சாய்ந்து, மூக்குத்தியில் ஒரு புள்ளி வெளிச்சம். நான் அமுக்கினேன்.

டி750இல் சத்தம் குறைக்கும் 'க்யூ' நிலை உண்டு. அதில்தான் வைத்திருந்தேன். அதில் சத்தம் குறையும், நிற்காது. கண்ணாடி மேலே ஏறி இறங்கியாக வேண்டுமே. அந்த 'டடக்' எனக்கே இடி மாதிரிக் கேட்டது. முன் வரிசையில் இருந்த ஒரு பாட்டி முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பாடகியின் கண் திறந்தது. கோபமில்லை, ஆனால் திறந்துவிட்டது. அடுத்த நிமிடம் ஒரு தொண்டர் குனிந்து வந்து, "போதும் மேடம், உள்ளே வெச்சுடுங்க" என்றார்.

உள்ளே வைத்துவிட்டேன். அந்த சீசன் முழுக்க எடுக்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் சஹானா கேட்டால் அந்தத் திறந்த கண்தான் முதலில் வருகிறது. அடுத்த வருடம் பெரிய உருப்படிகளில் மட்டும், மிருதங்கம் உரக்கக் கேட்கும்போது மட்டும், பயந்து பயந்து எடுத்தேன். 2021இல் வலது தோள் இறுகிப்போய்ப் பின்னல் போடக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. பிசியோதெரபி செய்தவர் கேட்ட முதல் கேள்வியே, "எந்தத் தோள்ல பை மாட்டுவீங்க?" என்பதுதான்.

2022இல் இசட்6 செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். டி750, 24-70, 70-200 மூன்றுக்கும் சேர்த்துக் கடையில் சொன்ன தொகை, ஒருகாலத்தில் நான் 70-200க்கு மட்டும் கொடுத்ததைவிடக் குறைவு. இதற்குத் தயாராக இருங்கள். நிக்கானிடமிருந்தும் கேனனிடமிருந்தும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் வரவில்லை. பழைய கேமரா வாங்குகிறவர் கையில்தான் பேரம் இருக்கிறது.

அங்கேயே இன்னொரு ஏமாற்றம். "உங்க பழைய நிக்கான் லென்ஸ் எல்லாமே அடாப்டர்ல வேலை செய்யும் மேடம்" என்றார்கள். வீட்டுக்கு வந்து 85ஐ மாட்டினால் ஃபோகஸ் நகரவே இல்லை. ஏஎஃப்-டி வகை லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. டி750 மாதிரியான பாடிகளுக்குள் இருக்கும் மோட்டார்தான் ஒரு திருகாணி வழியாக அவற்றைச் சுழற்றும். எஃப்டிஇசட்டில் அந்த மோட்டார் இல்லை. உள்ளேயே மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்குப் பிரச்சினை இல்லை, ஏஎஃப்-டி என்றால் கையால்தான் ஃபோகஸ். விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் போய்க் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் அந்த லென்ஸை நான் விற்கவில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயது, பக்கத்தில் இருப்பதைப் பார்க்க மூக்குக்கண்ணாடி வேண்டும். பழைய கேமராவில் எடுத்த படம் சரியாக வந்ததா என்று பின்திரையில் பார்க்க ஒவ்வொரு முறையும் கண்ணாடியை மாட்டிக் கழற்ற வேண்டும். இதில் வியூஃபைண்டரே ஒரு குட்டித் திரை. பக்கத்துச் சக்கரத்தில் கண்ணுக்கு ஏற்றபடி ஒருமுறை திருப்பி வைத்துவிட்டால் மெனு, எடுத்த படம் எல்லாம் அதற்குள்ளேயே தெளிவாகத் தெரிகிறது. கையால் ஃபோகஸ் செய்யும்போது கூர்மையான விளிம்புகளில் நிறம் காட்டும். இன்னும் சந்தேகம் என்றால் பெரிதாக்கிப் பார்க்கலாம். டி750இல் இந்த 85ஐக் கையால் திருப்பிக் கண் இமையில் நிறுத்த என்னால் முடிந்ததே இல்லை.

2022 டிசம்பர். அதே மாதிரி ஒரு கூடம், அதே மாதிரி ஓர இருக்கை. சத்தமில்லா ஷட்டர். பின்திரையை அணைத்து வியூஃபைண்டர் மட்டும் என்று வைத்தேன், பின்னால் இருப்பவர் கண்ணில் வெளிச்சம் படக் கூடாது. ஃபோகஸுக்கு உதவும் முன்விளக்கையும் அணைத்தேன், அது பாடுகிறவர் முகத்தில் அடிக்கும். ஆலாபனையில் அமுக்கினேன். யாரும் திரும்பவில்லை. மறுபடி அமுக்கினேன். படம் பதிந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்து பார்த்தேன், பதிந்திருந்தது. அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது, சொல்ல வெட்கமில்லை.

அந்தப் படங்களில் பாதி வீண் என்பது வீட்டில் கணினியில் போட்டபோது தெரிந்தது. குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு. சத்தமில்லா ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை நூறில் ஒன்றிலோ ஐம்பதில் ஒன்றிலோ வைத்தால் பெரும்பாலும் பட்டை போய்விடும். சில மேடை எல்இடிகள் வேறு வேகத்தில் மினுங்கும், அவற்றுக்கு இது போதாது. கச்சேரி தொடங்குமுன் மைக் சரிபார்க்கும் நேரத்திலேயே நான்கைந்து எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுகிறேன்.

இன்னொன்று, வேகமாக அசையும் கை. ஒரு படத்தைக் கடைசி வரி வரை படித்து முடிப்பதற்குள் மிருதங்கக்காரரின் விரல் நகர்ந்துவிடும், வயலின் வில் வளைந்து தெரியும். இதற்கு நானே கண்டுபிடித்த வழி: ஆலாபனையில் சத்தமில்லா ஷட்டர், தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் சாதாரண ஷட்டர். தனியில் மேடையே முழங்கும்போது என் ஷட்டர் சத்தம் யாருக்குக் கேட்கப் போகிறது?

தனி என்று சொல்லிவிட்டதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பாடகர் நிறுத்தி மிருதங்கத்தைப் பார்த்துத் தலையசைத்ததும் கூடத்தில் கால்வாசிப் பேர் எழுந்துவிடுகிறார்கள். கான்டீனில் கூட்டம் சேருமுன் போக வேண்டுமாம். அவசரம் எல்லாருக்கும் வரும், முதியவர்களை நான் சொல்லவில்லை. ஆனால் கடம் வாசிப்பவர், கஞ்சிரா வாசிப்பவர் இரண்டு மணி நேரம் காத்திருந்து கிடைக்கும் பத்து நிமிடம் அது. என் அண்ணன் கஞ்சிரா வாசிக்கிறவன். முப்பது வருடமாக மேடையில் இருக்கிறான். எழுந்து போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே வாசித்துப் பழகிவிட்டதாகச் சொல்வான். படம் எடுப்பவர்களும் அப்படித்தான், பாடகரை நாலு கோணத்தில் எடுத்துவிட்டு முதல் முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். அவனுக்கென்று ஒரு நல்ல படம்கூட இல்லாமல் இருந்தது. போன டிசம்பரில் கோர்வை முடியும் அந்த நொடியில், ஆள்காட்டி விரல் தோலை விட்டு எழும்பும்போது எடுத்தேன். சாதாரண ஷட்டர்தான், விரல் வளையவில்லை. அம்மா வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாறினால் இழப்பதும் உண்டு. பேட்டரி முதலாவது. நிக்கான் தரும் கணக்குப்படி டி750 ஒரு சார்ஜில் 1230 படம், இசட்6 310. நடைமுறையில் எனக்கு அதைவிட நிறையவே வருகிறது, ஆனாலும் இரண்டு பேட்டரி இல்லாமல் நான் வெளியே போவதில்லை. இசட்6இல் கார்டு ஒன்றுதான் போடலாம். கல்யாணம் எடுப்பவர்கள் அதை வாங்காதீர்கள், இரண்டு கார்டு போடும் மாடல் எடுங்கள். லென்ஸைக் கழற்றினால் சென்சார் முன்னால் கண்ணாடி இல்லாமல் அப்படியே திறந்து கிடக்கும். மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் லென்ஸ் மாற்றிப் பட்டிருக்கிறேன், ஒரு மாதம் எல்லா வானத்திலும் புள்ளி. பூஞ்சைக்கும் ஏசி கூடத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் படியும் ஆவிக்கும் எந்தக் கேமராவும் ஒன்றுதான். சென்னை சென்னைதான்.

பணம் செலவழிக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். இருக்கும் பாடியில் 50 எஃப்/1.8 ஒன்றை மட்டும் மாட்டுங்கள், நிக்கானின் ஜி லென்ஸ் 185 கிராம், கேனனின் எஸ்டிஎம் 160. பெரிய பையை வீட்டிலேயே வைத்துவிட்டு, கேமராவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஒரு மாதம் போய் வாருங்கள். தோள் தாங்கினால் உங்களுக்குப் பாரம் ஜூம் லென்ஸ்கள்தான். அப்படியும் எடுத்துப் போகத் தோன்றவில்லை என்றால், அல்லது என்னைப் போல் சத்தம் உங்களைத் தடுக்கிறது என்றால், தயங்காமல் மாறுங்கள்.

என்னென்ன லென்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நிக்கான் என்றால் லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இல்லாமல் எஃப் எண்ணுக்குப் பக்கத்தில் டி என்ற எழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.