முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் கை, கால் விறைத்து எறும்பு ஊர்வது போல் இருப்பது ஏன்? நோய் முற்றிவிட்டதா?

முற்றிவிட்டது என்று நீங்களாகவே முடிவு கட்ட வேண்டாம். எனக்கும் மூட்டுகள் வீங்கி வலிக்கிற ருமட்டாய்ட் முடக்குவாதம்தான், ஒன்பது வருடமாக. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் வலது கை விறைக்கத் தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கொஞ்சம் அடங்கும். அம்மா தைலம் தேய்த்துவிட்டு, "குளிருக்கு அப்படித்தான். கொழுந்து எடுத்த காலத்துல எங்க எல்லாருக்கும் விறைக்கும், அதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்றது?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 18 கிலோ தேயிலைக் கொழுந்து நிறுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம், என்றிருந்தவருக்கு விரல் விறைப்பு ஒரு நோயா என்ன? நானும் மூன்று கிளினிக்குக்கு வாயே திறக்கவில்லை.

நாலாவது தடவை சொன்னேன். டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "எந்த விரல்?" எல்லா விரலும் என்றேன். வீட்டுக்குப் போய் நன்றாகக் கவனித்து வாருங்கள் என்றார். அன்றிரவு பார்த்தால் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சின்ன விரலுக்கு ஒன்றுமே இல்லை!

மணிக்கட்டில் ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது. ஒன்பது தசைநாண்களும், எனக்கு விறைத்த அதே விரல்களுக்குப் போகிற ஒரு நரம்பும் அதற்குள்ளால்தான் போகின்றன. சிங்கமலைச் சுரங்கத்தில் ரயில் வரும்போது சுவரோரம் ஒட்டி நிற்கிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த நரம்பின் நிலைமை அதுதான். முடக்குவாதத்தில் தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கினால் நரம்பு நசுங்கும். தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்வதால் இரவில் மோசம். இதற்குப் பெயர் கார்ப்பல் டனல். கண்டியில் நரம்புப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தினார்கள். இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டி, ஒரு ஊசி, மூட்டு மருந்தில் கொஞ்சம் மாற்றம், அவ்வளவில் அடங்கியது. பெருவிரல் அடியில் சதை வற்றி, பிடி தளர்ந்திருந்தால் சத்திரசிகிச்சை வரை போயிருக்கும்.

கால் விறைப்பு வேறு கதை. இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறினால் சீனி வருத்தம் (நீரிழிவு), விட்டமின் பி12 குறைபாடு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சீனி வருத்தத்துக்கு நீண்ட காலம் மெட்ஃபோர்மின் குடிப்பவர்களுக்கு பி12 குறையலாம். முடக்குவாதத்துக்குத் தரும் லெஃப்லுனோமைட் மருந்தும் சிலருக்கு நரம்பைத் தாக்கும். அதற்காக நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், நுவரெலியாக் குளிரில் விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்தால் அது இரத்த ஓட்டக் கோளாறு. அதையும் சொல்ல வேண்டும்.

சில விஷயங்களுக்குக் கிளினிக் திகதி வரை காத்திருக்கவே கூடாது. கழுத்து வலியோடு இரண்டு கையும் விறைத்து நடை தடுமாறினால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால், பாதம் திடீரென்று தொங்கிப்போனால், ஒரு பக்கம் மட்டும் சட்டென்று பலம் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடக்குவாதம் கழுத்து முள்ளெலும்பையும் விட்டுவைக்காது.

மற்றபடி கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்: எந்த விரல், எத்தனை மணிக்கு, உதறினால் போகிறதா. வரிசையில் நின்று உள்ளே போனதும் நமக்குப் பாதி மறந்துவிடுகிறது.