அரிவாள் இல்லாத ஊர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறேன். நாற்பது தாண்டிவிட்டது. வேறு யாரிடமும் சொல்ல வெட்கமாக இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். விடைத்தாள் கட்டை ஓரமாக வைத்த பிறகு இரவில் நான் பார்ப்பதெல்லாம் அமெரிக்க உயர்நிலைப்பள்ளிக் காதல் நகைச்சுவைப் படங்கள்தான். எண்பதுகளில் வந்தவை, தொண்ணூறுகளில் வந்தவை, இப்போது நெட்ஃபிளிக்ஸில் வருபவை, எதையும் விடுவதில்லை. யார் யாரோடு சேரப்போகிறார்கள் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிந்தும் கடைசிவரை பார்க்கிறேன்.

நான் படித்தது பெண்கள் பள்ளி. லாக்கர், கேன்டீன் மேஜை, பள்ளி முடியும் ஆண்டில் ஜோடியாக ஆடும் ப்ராம் நடனம் எதுவும் எங்களுக்குக் கிடையாது. ஒரு பையன் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சைக்கிளில் பின்னால் வந்தால் மூன்றாம் நாள் வீட்டுக்குச் செய்தி போய்விடும் ஊர். அதனால் 'பழைய ஞாபகம்' என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. "உனக்கு இன்னும் பதினாறு தாண்டலை" என்று கணவர் கேலி செய்கிறார். எங்கள் பள்ளித் தமிழாசிரியர் உலக சினிமா பார்ப்பவர். 'குப்பை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அப்படித்தானா? மகளுக்குப் பதினான்கு வயது. அவளோடு சேர்ந்து எதைப் பார்க்கலாம்?

எஸ்.
திருச்சி

அன்புள்ள எஸ்.,

குப்பை நிறைய உண்டு, மறுக்க மாட்டேன். 1999இல் இந்த வகைப் படங்கள் வரிசைகட்டி வந்தன. 2001இல் இவற்றைக் கிண்டலடிப்பதற்கென்றே ஒரு முழுநீளப் படம் எடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றி முடியை அவிழ்த்துவிட்டால் சுமாரான பெண் அழகியாகிவிடுவாள் என்ற கதையை (அவள் முதலிலிருந்தே அழகிதான், இயக்குநருக்கும் தெரியும்) எத்தனை முறைதான் பார்ப்பது!

ஆனால் உங்கள் தமிழாசிரியர் அப்படி முடித்துவிட்டதுதான் ஆச்சரியம். அகத்துறைகளை ஆண்டுதோறும் நடத்துகிறவர் அல்லவா? இந்தப் படங்களில் களவு என்னும் மறைவான காதல் இருக்கிறது, தோழி இருக்கிறாள், தூது போகும் பாங்கன் இருக்கிறான், ஊரெல்லாம் பேசும் அலர் இருக்கிறது. அப்பா மகளை வெளியே விடாமல் வீட்டில் நிறுத்தும்போது இற்செறிப்பும் வந்துவிடுகிறது. அவர்தான் முதலில் அடையாளம் கண்டிருக்க வேண்டும்.

பள்ளிநாள் ஏக்கம்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அது பொருந்தாது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எனக்கென்னவோ, பள்ளிக்கூடம் என்ற பெயரில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது ஓர் ஊரை என்று தோன்றுகிறது.

காதல் நகைச்சுவைக்கு ஒரு சின்ன ஊர் வேண்டும். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருக்க வேண்டும். யார் மேலே, யார் கீழே என்று ஒரு வரிசை இருக்க வேண்டும். காலையில் கிளம்பிய பேச்சு பொழுது சாய்வதற்குள் ஒரு சுற்று வந்துவிட வேண்டும். நாவல் எழுத முயன்றுகொண்டிருந்த அண்ணன் மகளுக்கு 1814இல் எழுதிய கடிதம் ஒன்றில் ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டன் சொல்கிறார்: நாட்டுப்புறத்துக் கிராமம் ஒன்றில் மூன்று நான்கு குடும்பங்கள், எழுதுவதற்கு அதுவே சரியான விஷயம் என்று. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதி அமெரிக்காவில் அந்தக் கிராமத்துக்கு எங்கே போவது? நியூயார்க்கில் வேலை பார்க்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்பினால் யார் குறுக்கே நிற்கப்போகிறார்கள்? அப்பாவைக் கேட்க வேண்டியதில்லை, ஊரைக் கேட்க வேண்டியதில்லை. வளர்ந்தவர்களின் காதல் படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறவர் பாவம், தடையைத் தேடி அலைகிறார். ஒரு பொய், ஒரு பந்தயம், கடைசியில் விமான நிலையத்தில் ஓர் ஓட்டம்.

உயர்நிலைப்பள்ளியில் அந்தச் சிரமமே இல்லை. பிடிக்கிறதோ இல்லையோ, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அதே முகங்களோடு அதே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் இல்லினாய் மாநிலத்தில் 10 உயர்நிலைப்பள்ளிகளை ஆராய்ந்து 1961இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பள்ளி உன்னை எப்படி நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று பையன்களைக் கேட்டார். படிப்பில் கெட்டிக்காரனாகவா, விளையாட்டு வீரனாகவா, எல்லோருக்கும் பிடித்தவனாகவா? விளையாட்டு வீரனாக என்ற பதில்தான் முந்தியது. பெரியவர்கள் போட்டுவைத்த வரிசை ஒன்று, பிள்ளைகள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது வேறொன்று. பள்ளிக்குள் செல்லுபடியானது இரண்டாவதுதான். புதிதாக வந்த பெண்ணுக்கு எந்த மேஜை யாருடையது என்று ஒருத்தி கைகாட்டி விளக்கும் காட்சி படத்துக்குப் படம் வருகிறதே, கோல்மனின் புத்தகத்தை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும் காட்சி அது.

ஆஸ்டனின் 'எம்மா' 1815 டிசம்பரில் வெளிவந்தது. 1995இல் ஏமி ஹெக்கர்லிங் அதைப் பெவர்லி ஹில்ஸுக்குக் கொண்டுவந்து 'க்ளூலெஸ்' எடுத்தார். அதற்காக அங்கிருக்கும் உயர்நிலைப்பள்ளியின் வகுப்புகளில் போய் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்தார். நாவலின் எம்மாவுக்கு அம்மா இல்லை, பணம் இருக்கிறது, அடுத்தவருக்கு ஜோடி சேர்த்துவைக்கும் பித்து இருக்கிறது. படத்தின் ஷெருக்கும் அப்படியே. ஓர் உல்லாசப் பயணத்தில் ஏழை மிஸ் பேட்ஸை எல்லோர் முன்னிலையிலும் எம்மா புண்படுத்திவிடுவாள். குடும்ப நண்பர் நைட்லி அவளைத் தனியே அழைத்துக் கண்டிப்பார். படத்தில் ஷெர் வீட்டுவேலை செய்யும் பெண்ணிடம், எனக்கு 'மெக்சிகன்' பேசத் தெரியாது என்கிறாள். அந்தப் பெண் எல் சால்வடோர்காரி. அவள் கோபித்துக்கொண்டு போனதும், அது வேறு நாடு என்று, படத்தில் நைட்லியின் இடத்தில் இருக்கும் ஜாஷ் எடுத்துச் சொல்கிறான். தன்னை நல்லவளென்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருத்திக்குத் தன்மேலேயே சந்தேகம் எழும் இடம் இது. இருநூறு ஆண்டுகளாக யாரும் நாவலிலிருந்து பிடுங்க முடியாத அந்த முள்ளை ஹெக்கர்லிங் பத்திரமாக எடுத்துவந்து வேறொரு வீட்டில் தைத்துவிட்டார். எனக்கு இந்தப் படத்தின்மேல் மரியாதை வந்தது இதனால்தான், உடைகளால் அல்ல.

'டென் திங்ஸ் ஐ ஹேட் அபௌட் யூ' (1999) ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து வந்தது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகாமல் தங்கைக்குக் கிடையாது என்கிறார் நாடகத்துத் தந்தை. நமக்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை. 1999இன் அமெரிக்க அப்பா ஒருவர், அக்கா ஒரு பையனோடு வெளியே போகும்வரை தங்கையும் போகக்கூடாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதற்காகவே அவரைப் பிரசவ மருத்துவராக்கினார்கள். பதின்வயதுப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்துப் பார்த்து மிரண்டுபோனவர். சின்ன மகள் பார்ட்டிக்குக் கிளம்பும்போது நிறைமாத வயிறு போன்ற ஒன்றை அவளுக்கு மாட்டி நடக்கவைக்கிறார். நாம் சிரித்து முடிப்பதற்குள் தடை உறுதியாக நின்றுவிடுகிறது. நாடகத்தில் தங்கையை விரும்புகிறவர்கள் செலவை ஏற்றுக்கொண்டு பெட்ரூக்கியோவை அக்காவிடம் அனுப்புவார்கள். படத்தில் பணக்காரப் பையன், நாயகனாக வரும் ஹீத் லெட்ஜருக்கு நேராகவே காசு கொடுக்கிறான். மனைவி கணவனுக்கு அடங்க வேண்டும் என்று நாடகத்து அக்கா கேதரினா பேசும் கடைசி நீள வசனத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் அக்காவாக நடித்த ஜூலியா ஸ்டைல்ஸ் வகுப்பில் எழுந்துநின்று, தான் எழுதிய கவிதையைப் படித்து அழுகிறார். (அந்தப் பள்ளி, டகோமா நகரத்து ஸ்டேடியம் உயர்நிலைப்பள்ளி. ரயில்வே கம்பெனி ஹோட்டலாகக் கட்டத் தொடங்கிய கட்டிடம் அது, அதனால்தான் கோட்டை மாதிரி இருக்கிறது. கதைக்குச் சம்பந்தமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

பழைய காதல் நகைச்சுவை கல்யாணத்தில் முடியும். பதினேழு வயதில் கல்யாணம் வைக்க முடியாது, அதனால் ப்ராம். தரையைத் தொடும் கவுன், வாடகைக் கோட்டு, மணிக்கட்டில் பூ, நீளக் கார், மாடிப்படியில் இறங்கிவரும் மகளை அப்பா வாயடைத்துப் பார்ப்பது, குடும்பத்தோடு புகைப்படம். தாலி ஒன்றுதான் பாக்கி. சம்பந்தி சண்டையும் இல்லை. சில வாரங்களில் பள்ளி முடிந்து ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். இந்த ஜோடி தீபாவளிவரை கூடத் தாங்காது என்று நாற்பது வயதில் நமக்குத் தெரியும். அதனாலேயே தாராளமாக வாழ்த்திவிட முடிகிறது.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். சைக்கிள், மூன்றாம் நாள் செய்தி என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. ஊரார் பேச்சு எருவாகவும் அன்னையின் சொல் நீராகவும் இந்தக் காதல்நோய் வளர்கிறது என்கிறாள் வள்ளுவரின் தலைவி. அது கவிதையில். நம் ஊர்களில் அந்த எருவுக்கு வேறு வேலையும் உண்டு. பள்ளிக்கூடத்துப் பெண்ணின் காதல் என்றால் சாதி, வீட்டு மானம், படிப்பை நிறுத்துவது, அவசரமாக ஒரு மாப்பிள்ளை, சமயத்தில் அரிவாள். அதனால்தான் தமிழில் இந்தக் கதையைச் சிரிப்பாகச் சொல்ல முடிவதில்லை. 'காதல்' (2004) படத்தில் மதுரையின் பள்ளி மாணவி மெக்கானிக்கோடு ஓடிப்போகிறாள். அவன் புத்தி பேதலித்துத் தெருவில் நிற்பதில் அது முடிகிறது. '96' (2018) படத்தில் தஞ்சாவூர்ப் பள்ளிக்காதல் இருபத்திரண்டு வருடம் கழித்து ஓர் இரவு முழுக்க ஏங்குகிறது. ஒன்று வதை, மற்றது ஏக்கம். இரண்டும் எனக்குப் பிடித்த படங்கள். ஆனால் ஒருத்தி தப்பான பையனைக் காதலித்து, ஊரே பேசி, அவமானப்பட்டு, அடுத்த வாரம் அதே வகுப்பில் வந்து உட்கார்ந்து, சரியான பையனைக் கண்டுகொள்ளும் கதை நமக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கப் படத்தில் அலர் உண்டு. அது கொடுக்கும் அதிகபட்ச தண்டனை, சாப்பாட்டுத் தட்டோடு உட்கார இடமில்லாமல் நிற்பது. தப்பு செய்துவிட்டு மறுநாள் வகுப்புக்குப் போகலாம். உங்களுக்கு மறுக்கப்பட்டது ப்ராம் நடனம் அல்ல, இந்த மறுநாள்தான் என்று நினைக்கிறேன். பதினாறு வயதில் அது கிடைக்காதவர்கள் நாற்பதில் படத்திலாவது பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்? உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

அந்த ஊரிலும் எல்லோருக்கும் மறுநாள் கிடைத்துவிடவில்லை. எண்பதுகளில் இந்த வகையை நிலைநிறுத்தியவர் ஜான் ஹியூஸ். அவருடைய 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' (1984) வேலியின் இந்தப் பக்கம், கதாநாயகி நிற்கும் பக்கம் மட்டும் பாதுகாப்பான படம். கதாநாயகியின் கூச்சத்தையும் ஏமாற்றத்தையும் அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் கண், ஆசிய மாணவன் வரும்போதெல்லாம் பின்னணியில் கண்டாமணி அடித்துச் சிரிக்கவைக்கிறது. கனவு நாயகன் குடித்து நினைவிழந்த தன் காதலியைத் தூக்கி இன்னொரு பையனிடம் ஒப்படைக்கிறான், அதுவும் நகைச்சுவையாம். அதில் நடித்த மோலி ரிங்வால்ட் 2018இல் நியூயார்க்கர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஹியூஸின் இன்னொரு படத்தைத் தன் பத்து வயது மகளோடு உட்கார்ந்து பார்த்தபோது உறுத்தியதிலிருந்து தொடங்கி, தன்னை உருவாக்கிய படங்களைத் தானே விசாரிக்கிறார். தூக்கியெறியவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. இந்தப் படங்களைப் பற்றி நான் படித்தவற்றில் ஆகச்சிறந்தது அது.

முடிவு முன்பே தெரிகிறது என்றீர்கள். 'ப்ரிட்டி இன் பிங்க்' (1986) படத்துக்கு ஹியூஸ் முதலில் எழுதிய முடிவு வேறு. ரயில்பாதைக்கு அப்பால் வசிக்கும் ஏழைப் பெண், பணக்காரப் பையனை விட்டுவிட்டுத் தன் தோழனோடு ஆடுவாள். முன்னோட்டமாகத் திரையிட்டபோது பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. மறுபடி எடுத்தார்கள், நாயகன் அதற்குள் நாடகத்துக்காக முடியை வெட்டிவிட்டதால் டோப்பா வைத்து நடித்தார். அசட்டு ரசனை என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோழன் நல்லவன்தான், ஆனால் அவனோடு சேர்ந்தால் ரயில்பாதை அப்படியே கிடக்கும். பார்வையாளர்கள் கேட்டது அதைத் தாண்டுவதை. ஹியூஸ் விடவில்லை. அடுத்த ஆண்டே ஆண்–பெண் பாத்திரங்களை மாற்றிப்போட்டு, தோழியே ஜெயிக்கும் கதையை எழுதித் தன் ஆசையைத் தீர்த்துக்கொண்டார்.

மகளோடு பார்க்க 'க்ளூலெஸ்' நல்ல தொடக்கம். அதன் பிறகு ஆலிஸ் வூவின் 'தி ஹாஃப் ஆஃப் இட்' (2020). வாஷிங்டன் மாநிலச் சிற்றூர் ஒன்றில் பிறருக்குக் கட்டுரை எழுதிக்கொடுத்துக் காசு பார்க்கும் சீனப்பெண் எல்லி, ஒரு பையனுக்காக அவன் விரும்பும் பெண்ணுக்குக் காதல் கடிதம் எழுதுகிறாள். அவளும் அதே பெண்ணைத்தான் விரும்புகிறாள். யாரும் யாரோடும் ஜோடி சேராமல் முடியும் படம், ஆனாலும் மனம் நிறைந்து எழுந்திருப்பீர்கள். பதினான்கு வயதுக்காரி கேள்விகள் கேட்பாள், தயாராக இருங்கள். 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' மேல் பிஜி (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) என்று சான்று இருக்கும், அதை நம்பாதீர்கள். அந்தப் படம் 1984 மே மாதம் வந்தது, பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்று எச்சரிக்கும் பிஜி-13 என்ற பிரிவே ஜூலையில்தான் வந்தது. முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். பார்க்காமலா இருந்திருப்பீர்கள்?