சால்வை சரி, சம்பளம் பேசினீர்களா?

நாட்டுப்புற ஆட்டங்களை ஆடிவரும் பெண்களைப் பற்றியும், அந்த ஆட்டங்களைக் கற்பது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

மகளிர் தினத்தன்று கரகாட்டம் ஆடும் இரண்டு பெண்களை அழைத்து, பத்து நிமிடம் ஆடச் சொல்லி, சால்வையும் கேடயமும் கொடுத்துக் கௌரவிக்க எங்கள் மகளிர் குழு முடிவு செய்திருக்கிறது. வேறு என்ன செய்யலாம்?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

முதலில் சம்பளம் பேசுங்கள். மார்ச் 8 மாசி மாதத்தில் வருகிறது. கோயில் கொடை தொடங்கிவிட்ட நேரம். மாசி தொடங்கி ஆடி வரை சம்பாதிப்பதை வைத்துத்தான் அவர்கள் மீதி மாதங்களை ஓட்ட வேண்டும். அந்த நாளைக் ‘கௌரவத்துக்காக’ இலவசமாகக் கேட்பது அவர்கள் கூலியில் கை வைப்பது. வழக்கமாக என்ன வாங்குவார்களோ அதைப் பேசி, வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்து, தேதியை உறுதி செய்யுங்கள். போக்குவரத்துச் செலவு தனி.

இரண்டாவது, ஆட்டக்காரர்களை மட்டும் அழைத்துவிட்டுப் பென்டிரைவில் பாட்டுப் போடாதீர்கள். கரகத்தின் உயிர் நையாண்டி மேளம். இரண்டு நாதசுரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு என்றால் அது முழு செட். ஆடுகிறவரின் மூச்சைப் பார்த்துத் தவில்காரர் தாளத்தின் வேகத்தை ஏற்றுவார், இறக்குவார். பதிவு செய்த பாட்டு அதைச் செய்யாது. காசு குறைவென்றால் ஒரு நாதசுரம், ஒரு தவில், ஒரு பம்பையாவது இருக்கட்டும். தவிலுக்கு மைக் தேவையில்லை. பேசுவதற்கும் பாடுவதற்கும் ஒரு மைக் போதும்.

தரை முக்கியம். மேடையில் விரித்த ஜமுக்காளம் காலில் சுருண்டு சலங்கையில் மாட்டும். பலகை ஆடினால் தலையில் இருக்கும் செம்பும் ஆடும். இருபதுக்குப் பதினைந்து அடி சமதரை கிடைத்தால் மேடையே வேண்டாம். பகல் நிகழ்ச்சியென்றால் வெறுங்காலில் நிற்பார்கள் என்பதை நினைத்துக்கொண்டு நிழலில் வையுங்கள். உடை மாற்றக் கதவு சாத்தும் அறையும், பக்கத்திலேயே கழிப்பறையும் வேண்டும். பெரும்பாலான திருவிழாக்களில் இவர்களுக்கு இது கிடைப்பதில்லை. வேன் மறைவில் சேலையைப் பிடித்துக்கொண்டு உடை மாற்றுகிறார்கள்.

இன்னொன்று: அன்பளிப்பு கொடுப்பவர்கள் நோட்டை உடையில் குத்தக் கூடாது, தட்டில் போட வேண்டும் என்று தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள். சினிமாப் பாட்டுக் கேட்டுக் கூட்டத்திலிருந்து சீட்டு வந்தால் அதைச் சமாளிப்பது உங்கள் வேலை, அவர்களுடையது அல்ல.

இவ்வளவும் செய்த பிறகு சால்வை போடுங்கள், மறுப்பில்லை.

என் 14 வயது மகள் கரகம் பழகுகிறாள். பாரம் வேண்டாமென்று வெறும் செம்பைத்தான் வைக்கிறோம். நான்கு அடி வைப்பதற்குள் விழுந்துவிடுகிறது. அவளுக்கு வராதோ?
– வாசகர், மேலூர்

வரும். வெறும் செம்புதான் தவறு. எடையில்லாத செம்பு ஒவ்வொரு சிறு அசைவுக்கும் துள்ளும், கனமான செம்பு அவ்வளவு சீக்கிரம் அசையாது. ஆட்டக் கரகத்தில் அரிசியோ மணலோ இடுவது இதற்காகத்தான். தொழிலாக ஆடுபவர்கள் செம்பும் உள்ளே உள்ளதும் சேர்த்து ஐந்தாறு கிலோ தாங்குவார்கள். 14 வயதுக் கழுத்துக்கு அது கூடாது. சின்னச் செம்பு எடுத்து, எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அரை செம்பாக நிறுத்தாதீர்கள். அரிசி உள்ளே சரியும், சரிகிற பக்கம் செம்பு சாயும். கழுத்து வரை நிரப்பி, குலுக்கி, மறுபடி நிரப்பி, துணி வைத்து அடைத்துவிடுங்கள்.

ஆட்டச் செம்பின் அடியைத் தலையில் பதியும்படி லேசாக உள்வாங்கத் தட்டியிருப்பார்கள். கடைச் செம்பின் அடி அப்படி இருக்காது. பாத்திரக்காரரிடம் கொடுத்தால் தட்டித் தருவார். எண்ணெய் வைத்த தலை வழுக்கும், பயிற்சி நாளில் எண்ணெய் வேண்டாம். முடியை இழுத்துப் பின்னால், கீழே கொண்டை போடட்டும். உச்சியில் மேடு இருக்கக் கூடாது.

முதல் வாரம் ஆட்டமே வேண்டாம். செம்பை வைத்து நிற்கட்டும், பிறகு நடக்கட்டும். கண் எதிர்ச் சுவரில் கண்மட்டத்தில் ஒரு புள்ளியைப் பிடித்திருக்க வேண்டும். விழுவதற்குப் பெரும்பாலும் காரணம், காலைப் பார்ப்பது. பார்வை தாழ்ந்தால் தாடை தாழும், செம்பு முன்னால் வழுக்கும். அடுத்த காரணம் முழங்காலை விறைப்பாக வைப்பது. முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் அடியின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் நேரே தலைக்கு ஏறும். தோளைத் தூக்குகிறாளா என்றும் பாருங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். கழுத்து வலி மறுநாளும் இருந்தால் அன்று செம்பு வேண்டாம், வெறும் அடி மட்டும் பழகட்டும். கையில் மரத்துப்போவது போலிருந்தால் மருத்துவரிடம் காட்டாமல் தொடரக் கூடாது. ஏணி, தட்டு, ஊசி எடுப்பது போன்ற வித்தைகளைக் குருவில்லாமல் வீடியோ பார்த்துச் செய்ய விடாதீர்கள்.

கும்மி, சிலப்பதிகாரக் குரவையின் வாரிசு என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

மதுரைக் காண்டத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களின் பெயர் ஏற்று, கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். வட்டம், பெண்கள், பாட்டு என்ற அளவில் உறவு தெரிகிறது. ஆனால் கும்மியின் அடையாளம் கைத்தட்டு. குரவையில் கை கோத்திருக்கிறது, கோத்த கையால் தட்ட முடியாது. உறவு என்று சொல்லலாம், நேர் வாரிசு என்று அடித்துச் சொல்ல வேண்டாம். அதே போல மாதவி ஆடிய 11 ஆடல்களில் ஒன்றான குடக்கூத்தைக் கரகத்தின் தாய் என்பதும் பிடித்தமான ஊகம்தான்.

எங்கள் ஊர் முளைப்பாரிக் கும்மிப் பாட்டுகள் இரண்டு பாட்டிகளுக்கு மட்டுமே தெரியும். போன வருடம் பாதி முளைப்பாரி அழுகியும் போனது. இரண்டையும் எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகி, அருப்புக்கோட்டை

அழுகியதற்குத் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். சட்டியின் அடியில் ஓட்டை போட்டும், மேலே போட்ட எரு அதை அடைத்திருக்கலாம். அடியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் காய்ந்த எருவும் மண்ணும் போடுங்கள். ஊறவைத்த பயறில் உடைந்ததையும் மிதப்பதையும் பொறுக்கிவிடுங்கள். அழுகல் அதிலிருந்துதான் தொடங்கும். நெருக்கமாகத் தூவாதீர்கள். தண்ணீரை ஊற்றாமல் தெளிக்க வேண்டும். இருட்டு அறை வேண்டும், ஆனால் காற்றில்லாத அறை கூடாது. வெளிச்சம் படாவிட்டால்தான் பயிர் வெளிர்மஞ்சளாக நீண்டு வளரும்.

பாட்டுக்கு வருவோம். பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து ‘பாடுங்க’ என்றால் பாதி மறந்துபோகும். பாட்டு அவர் உடம்பில் இருக்கிறது. முளைப்பாரியைச் சுற்றி ஆடும்போது, நான்கு பெண்கள் பின்பாட்டு வாங்க, அப்போது பதிவு செய்யுங்கள். ஒரு போன் முகத்துக்கு, இன்னொன்று கைக்கும் காலுக்கும். எந்தச் சொல்லில் தட்டு விழுகிறது, ஒரு தட்டா, இரு தட்டா, குனிந்து தட்டுவது எங்கே என்பதெல்லாம் எழுதிவைத்த பாட்டில் தெரியாது. ஏழு நாளோ ஒன்பது நாளோ, ஒவ்வோர் இரவும் தனியாகப் பதியுங்கள். எந்தப் பாட்டு எந்த நாளுக்கு என்பதையும் பாட்டியிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குச் சொல்லைத் திருத்தி எழுதாதீர்கள்.

பள்ளி மாணவிகள் எட்டுப் பேருக்குப் பின்னல் கோலாட்டம் (மேலே கட்டிய கயிறுகளைப் பிடித்து, ஆடியபடியே பின்னுவது) சொல்லித் தருகிறேன். பின்னல் அழகாக விழுகிறது, அவிழ்க்கும்போது முடிச்சாகிவிடுகிறது.
– ஆசிரியை, திருநெல்வேலி

அவிழ்க்கும்போதும் தொடக்கத்தில் போலவே ‘உள்’ என்று ஆரம்பிக்கிறீர்கள் என்று நினைக்கிறோம். நான்கு பேர் வலமாகவும் நான்கு பேர் இடமாகவும் போகிறார்கள். வலம் போகிறவர் முதல் சந்திப்பில் உள்ளே, அடுத்ததில் வெளியே, மறுபடி உள்ளே என்று மாறி மாறிப் போவார். அவிழ்ப்பது என்றால் கடைசிச் சந்திப்பை முதலில் பிரிப்பது. கடைசியில் வெளியே போனவர், திரும்பியதும் அதே ஆளுக்கு வெளியேதான் போக வேண்டும்.

எட்டுப் பேருக்கு ஒரு முழுச் சுற்றில் எட்டுச் சந்திப்பு. இரண்டு சுற்று ஆடினால் 16. அது இரட்டைப்படை, எனவே ‘வெளி’யில் முடியும். பிள்ளைகள் ‘உள்’ளில் தொடங்கினால் கயிறு பூட்டிக்கொள்ளும். ஒன்று குறைத்து 15-இல் நிறுத்துங்கள். ‘உள்’ளில் முடியும், அவிழ்ப்பதும் ‘உள்’ளிலேயே தொடங்கும். பிள்ளைகளுக்கு வேறெதுவும் நினைவு வைக்க வேண்டியதில்லை. உயரம் ஒத்தவர்களைத் தேர்ந்தெடுங்கள், ஒரு கயிறு தொய்ந்தாலும் பின்னல் அந்தப் பக்கம் சாயும். நைலான் கயிறு வழுக்கும், பருத்தித் துணிக் கயிறு நிற்கும்.

பெண்கள் பறை அடிக்கலாமா என்று இன்னும் கேட்கிறார்கள்.
– வாசகி, விழுப்புரம்

திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பல ஆண்டுகளாக அடித்தே பதில் சொல்லிவிட்டார்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கு மணிக்கட்டு வலிப்பது, நீளமான சுண்டுக்குச்சியை இறுக்கிப் பிடிப்பதால். அதை விரலிடையில் தளர்வாக விட்டால் தோலே குச்சியைத் திருப்பித் தரும். தோலைக் காய்ச்சும்போது தீயில் ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே, நடுநடுவே தட்டிப் பாருங்கள். ஓசை கூர்மையானதும் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்றால் தோல் வெடிக்கும்.

வள்ளி கும்மி பெண்கள் ஆட்டமா?
– வாசகர், அவிநாசி

இப்போது கொங்கு நாட்டில் பெண்கள் திரளாக ஆடுவதைப் பார்த்துவிட்டு அப்படித்தான் தோன்றும். முன்பு அது ஆண்கள் ஆட்டம். அதில் பெண்களைச் சேர்த்துப் பழக்கியவர்களில் முக்கியமானவர் கோவை மாவட்டத்து பத்திரப்பன். 2024-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆட்டக்காரப் பெண்களுக்கு அரசு உதவி வாங்கித் தர என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, புதுக்கோட்டை

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக உறுப்பினராக வேண்டும். செட்டு நடத்துபவர் ஒருவர் மட்டும் பதிந்திருந்தால் மற்றவர்களுக்குப் பயனில்லை. ஆடுகிற பெண்கள் பெரும்பாலும் இந்த ‘மற்றவர்கள்’ பட்டியலில்தான் இருக்கிறார்கள். மாவட்ட அளவில் வயதுக்கேற்பக் கலை இளமணி, கலை வளர்மணி, கலைச் சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்ற விருதுகளும் உண்டு. எதற்கு விண்ணப்பித்தாலும் ‘ஆடியதற்கு என்ன ஆதாரம்?’ என்ற கேள்வி வரும். திருவிழா நோட்டீஸில் தவில்காரர் பெயர் இருக்கும், மைக்செட்காரர் பெயரும் இருக்கும், ஆடியவர் மட்டும் ‘கரகாட்டம்’ என்ற ஒற்றைச் சொல்லில் போய்விடுவார். அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அவர் பெயரையும் ஊரையும் முழுதாகப் போடச் சொல்லுங்கள், நான்கு பிரதிகளை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.